குப்பை லாரியில் லாரி பேர்ட்

போன ஆகஸ்ட் மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா போன் செய்தாள். "தம்பி, இவன் வந்துட்டான்" என்றாள். யார், எங்கிருந்து, எதற்கு என்று எதுவும் சொல்லவில்லை. குரலிலேயே எல்லாம் இருந்தது. அவள் மகன் சென்னைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்து சரியாகப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. ஹாஸ்டலில் பெட்டியைக்கூட முழுதாகப் பிரித்திருக்க மாட்டான். அதே பெட்டியோடு உடுமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, யாரையும் கூப்பிடாமல், நடந்தே வீட்டுக்கு வந்திருக்கிறான். அக்கா கதவைத் திறந்து, அவனைப் பார்த்து, பெட்டியைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் உள்ளே போய் எனக்குப் போன் போட்டிருக்கிறாள். வீட்டில் எந்தப் பிரச்சினை என்றாலும் கோயம்புத்தூரில் இருக்கிற தம்பிக்குத்தான் முதல் போன். நான் என்னவோ ஊர் நாட்டாமை மாதிரி.

போனை அவனிடம் கொடுக்கச் சொன்னேன். என்ன நடந்தது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கலாமேடா" என்றேன். "சரிங்க மாமா" என்றான். அவ்வளவுதான் பேச்சு. அந்த "சரிங்க மாமா" அடுத்த பத்து நாள் காதில் உட்கார்ந்துகொண்டு நகரவே இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உடுமலைக்குப் போனேன். அவனை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய், சமாதானம் செய்கிற தோரணையில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் லாரி பேர்ட் கதையைச் சொன்னேன். கிராமத்துப் பையன், பெரிய பல்கலைக்கழகம், 24 நாளில் ஓடி வந்துவிட்டார், குப்பை வண்டியில் வேலை பார்த்தார், அப்புறம் வேறொரு கல்லூரியில் சேர்ந்து அமெரிக்காவையே திரும்பிப் பார்க்க வைத்தார். கைதட்டல் வருகிற இடத்தில் நிறுத்தினேன். பையன் கொஞ்ச நேரம் தென்னை மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "அவர் அப்புறம் ஆடாமயே போயிருந்தா, மாமா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பேர்ட் கதை எனக்குப் புதிதல்ல. பள்ளியில் சிமென்ட் தரையில், வலை இல்லாத வளையத்தில் கூடைப்பந்து ஆடியவன் நான். பெரிதாக ஒன்றும் ஆடிவிடவில்லை, ஆனால் ஆட்டத்தின் மேல் வந்த பைத்தியம் இன்னும் விடவில்லை. பேர்ட்டின் பழைய ஆட்டங்கள் இணையத்தில் கிடைப்பதையெல்லாம் பார்த்திருக்கிறேன். அவர் கல்லூரிக் கதையை யாராவது சொல்லும்போதெல்லாம் தலையாட்டியிருக்கிறேன். எல்லோரும் சொல்வது ஒரே மாதிரிதான்: விழுந்தார், எழுந்தார். அந்தக் கதையில் ஒரு கள்ளக்கணக்கு இருக்கிறது என்று பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஒரே கேள்வியில் காட்டிவிட்டான். கடைசி வரியைத் தெரிந்துகொண்டுதான் முதல் வரிக்கு மன்னிப்பு கொடுக்கிறோம். கடைசி வரி வேறாக இருந்திருந்தால்? ஊருக்குத் திரும்பி வந்தது தப்பாகிவிடுமா?

அதனால் அந்தக் கதையை மறுபடி ஆரம்பத்திலிருந்து யோசித்துப் பார்த்தேன்.

உப்பு நக்கிய ஊர்

பேர்ட் வளர்ந்த ஊரின் பெயர் ஃபிரெஞ்ச் லிக். இண்டியானா மாநிலத்தின் தெற்கில், குன்றுகளுக்கு நடுவில், அப்போது ஏறக்குறைய 2,000 பேர் இருந்த ஊர். ஒரு காலத்தில் காட்டு விலங்குகள் அங்கிருந்த உப்புப் பாறையை நக்க வரும், பிரெஞ்சு வணிகர்கள் அந்தப் பக்கம் இருந்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. கந்தக நீரூற்றுகளுக்காகப் பணக்காரர்கள் வந்து தங்கிய பெரிய ஹோட்டல்கள் அங்கேயும் பக்கத்து ஊரான வெஸ்ட் பேடனிலும் இருந்தன. அந்த ஊற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து, பேதி மருந்தாக நாடு முழுக்க விற்றார்கள். பேர்ட் பிறந்தபோது, 1956 டிசம்பரில், அந்தச் செழிப்பெல்லாம் போய்விட்டிருந்தது. ஆறு பிள்ளைகள். அம்மா ஜார்ஜியா இரண்டு வேலை பார்த்தார். அப்பா ஜோ கொரியப் போருக்குப் போய் வந்தவர். போர் அவரை விட்டுப் போகவில்லை, குடியும் சேர்ந்துகொண்டது. வீட்டில் நெருக்கடி முற்றும்போது லாரி பாட்டி வீட்டில் இருப்பார்.

இண்டியானாவில் கூடைப்பந்து என்பது நம் ஊரில் கிரிக்கெட் மாதிரி என்று சொல்லலாம், ஆனால் அது போதாது. அங்கே பள்ளி ஆட்டத்துக்கே ஊர் காலியாகும். ஸ்பிரிங்ஸ் வேலி உயர்நிலைப் பள்ளியில் கடைசி ஆண்டில் பேர்ட் ஆட்டத்துக்குச் சராசரியாக 31 புள்ளியும் 21 ரீபவுண்டும் எடுத்தார். கூடைப்பந்து தெரியாதவர்களுக்கு: ரீபவுண்ட் என்றால் வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்தைப் பிடிப்பது. 21 என்பது நம்ப முடியாத எண். அப்படி ஒரு பையன் இருந்தால் மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும், வேறு யோசனையே ஊருக்குக் கிடையாது. இண்டியானா பல்கலைக்கழகம், புளூமிங்டன். பயிற்சியாளர் பாப் நைட். கத்துவதற்கும் கண்டிப்புக்கும் ஜெயிப்பதற்கும் பேர்போனவர். அவரே தேடி வந்து கூப்பிட்ட பையன் ஃபிரெஞ்ச் லிக்கில் அதற்கு முன்னால் இருந்திருக்கிறானா என்ன?

நம் வீடுகளிலும் இப்படித்தானே நடக்கிறது. கட் ஆஃப் மதிப்பெண் வந்ததும் கல்லூரியின் பெயர் தானாக முடிவாகிவிடுகிறது. பையன் அந்த முடிவில் இருந்தானா என்று யாருக்கும் நினைவிருக்காது. அக்கா மகன் விஷயத்தில் கவுன்சலிங் அன்றைக்கு லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள்.

24 நாள்

1974 செப்டம்பர். ஃபிரெஞ்ச் லிக்கிலிருந்து புளூமிங்டன் ஏறக்குறைய 80 கிலோமீட்டர்தான். ஆனால் 2,000 பேர் ஊரிலிருந்து வந்தவருக்கு அங்கே மாணவர்கள் மட்டுமே 30,000 பேருக்கு மேல். கையில் 75 டாலர் வைத்திருந்ததாகப் பின்னாளில் பேர்ட் சொல்லியிருக்கிறார். அறைத் தோழரும் கூடைப்பந்து வீரர்தான், பெரிய பணக்காரர் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவருடைய அலமாரியில் தொங்கிய சட்டைகளைப் பார்த்து பேர்ட்டுக்கு வாயடைத்துப்போயிருக்கிறது. தன்னிடம் இருந்தவற்றை எண்ண ஒரு கை போதும். அந்தத் தோழர் தாராளமாகத் தன் துணிகளைப் போட்டுக்கொள்ளக் கொடுத்தாராம். நல்ல மனுஷன். ஆனால் தினமும் இன்னொருவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போவது எப்படி இருக்கும் என்று, அந்த நிலையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். கொடுப்பவர் நல்லவராக இருக்க இருக்க வாங்குபவருக்குக் கூச்சம் கூடும். மூத்த வீரர்கள் சிலர் புதிதாக வந்தவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. வகுப்பறை ஒவ்வொன்றும் ஊர்ச் சந்தை மாதிரி.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. அந்த 24 நாளில் அணியின் முறையான பயிற்சி தொடங்கவே இல்லை. அந்தக் காலத்தில் கல்லூரி அணிகளின் பயிற்சி அக்டோபர் நடுவில்தான் தொடங்கும். அதாவது பாப் நைட்டின் கத்தலுக்குப் பயந்து பேர்ட் ஓடினார் என்று சிலர் சொல்வது சரியாக வரவில்லை. ஆட்டத்தில் அவர் தோற்கவில்லை, ஆட்டம் ஆரம்பிக்கவே இல்லை. அவரைத் துரத்தியது பந்துக்கு வெளியே இருந்த மற்ற எல்லாமும்தான். சட்டை, காசு, கூட்டம், சாப்பாட்டு மேசையில் எங்கே உட்காருவது என்கிற குழப்பம். இதையெல்லாம் போய்ப் பயிற்சியாளரிடம் எப்படிச் சொல்வது? கால் வலி என்றால் சொல்லலாம். கூச்சத்தை எந்த வாயால் சொல்வது?

அவர் சொல்லவில்லை. ஒரு நாள் சாமான்களை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வந்து, அந்தப் பக்கம் போகிற வண்டியில் இடம் கேட்டு ஏறி ஊருக்கு வந்துவிட்டார். பாப் நைட்டுக்குத் தகவல்கூடக் கிடையாது. அம்மா கொதித்துப்போனார். பல நாள் மகனோடு பேசவில்லை. ஆறு பிள்ளைகளில் ஒருவனுக்கு இலவசமாகப் படிப்பு கிடைத்து, அதை அவன் வேண்டாம் என்று தூக்கிப்போட்டுவிட்டு வந்து நின்றால், இரண்டு வேலை பார்க்கிற தாய் என்ன செய்வாள்? அந்தப் பேசாமல் இருந்த நாட்களைப் படிக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அக்கா வீட்டு ஹால்தான் ஞாபகம் வருகிறது. தட்டை வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

ஊருக்கு வந்ததும் பேர்ட் பக்கத்திலேயே வெஸ்ட் பேடனில் இருந்த நார்த்வுட் என்ற சின்னக் கல்லூரியில் சேர்ந்தார். அது நடந்த இடம் அந்தப் பழைய ஹோட்டல் கட்டடம். நடுவில் ஒரு பெரிய குவிமாடம், ஒரு காலத்தில் உலகின் எட்டாவது அதிசயம் என்று விளம்பரம் செய்த ஹோட்டல். அதிசயத்தில் படிக்கவும் அவருக்குப் பிடிக்கவில்லை, சீக்கிரமே விட்டுவிட்டார். இந்த இரண்டாவது விலகலை யாரும் அதிகம் பேசுவதில்லை. கதையின் வளைவு கெட்டுப்போகும் அல்லவா.

பிறகுதான் ஊர் நகராட்சியில் வேலை. வாரம் ஒரு நாள் குப்பை வண்டி, மற்ற நாட்களில் புல் வெட்டுவது, சாலையில் கோடு போடுவது, பனி பெய்தால் அள்ளுவது. இந்த இடத்தில் என் அக்கா மகன் குறுக்கிட்டு, "லாரில லாரியா, மாமா?" என்றான். அந்த வாரத்தில் அவன் அடித்த ஒரே ஜோக். இந்தக் குப்பை வண்டியைத்தான் எல்லோரும் பேர்ட் கதையின் பாதாளமாகக் காட்டுவார்கள். இத்தனை கீழே விழுந்தவர் அத்தனை மேலே வந்தார் என்று சொல்ல அது தேவைப்படுகிறது. பேர்ட் அப்படிச் சொன்னதே இல்லை. அந்த வேலை தனக்குப் பிடித்திருந்தது, நண்பர்களோடு வெளியில் சுற்றி வேலை செய்தது, ஊர் கொஞ்சம் சுத்தமாவதைக் கண்ணால் பார்த்தது எல்லாம் சந்தோஷமாக இருந்தது என்றுதான் பலமுறை சொல்லியிருக்கிறார். கோடீஸ்வரரான பிறகும் அதைத்தான் சொன்னார். நாம் நம்புவதில்லை. பெரிய மனிதர் அடக்கமாகப் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்கிறோம். நான் நம்புகிறேன். பதினெட்டு வயதில், புளூமிங்டனிலிருந்து தப்பித்து வந்த ஒருவருக்கு, காலையில் எழுந்து தெரிந்த தெருவில், தெரிந்த முகங்களோடு, சாயங்காலம் முடிந்துவிடுகிற ஒரு வேலையைச் செய்வது எவ்வளவு பெரிய ஆறுதல்.

அந்தக் குளிர்காலத்தில்தான், 1975 பிப்ரவரியில், அவருடைய அப்பா தற்கொலை செய்துகொண்டார். அம்மாவும் அப்பாவும் ஏற்கெனவே பிரிந்திருந்தார்கள். இதைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை. ஒன்று மட்டும். அது நடந்தபோது பேர்ட் ஊரில் இருந்தார். புளூமிங்டனில் யாரோ ஒருவர் அறைக்கதவைத் தட்டிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "பல்லைக் கடித்துக்கொண்டு" அங்கேயே இருந்திருந்தால் அந்தச் சேதி அவரை எங்கே, எப்படிப் பிடித்திருக்கும் என்று யோசித்தால் எனக்குக் கை கால் ஓடவில்லை.

அவர் விட்டுவந்த அணி அதற்கடுத்த பருவத்தில், 1975–76இல், 32 ஆட்டம் ஆடி 32ஐயும் ஜெயித்துத் தேசிய சாம்பியன் ஆனது. ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒன்றுகூடத் தோற்காமல் பட்டம் வென்ற கடைசி அணி இன்றுவரை அதுதான். ஊரில் அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து "இவனும் அங்க இருந்திருக்கலாம்" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! சொந்தக்காரர்களுக்கு இப்படி ஒரு புள்ளிவிவரம் கையில் கிடைத்தால் விடுவார்களா?

சலவைக் கடை வாசல்

இப்போது என் கதையின் கதாநாயகனுக்கு வருகிறேன். அவர் பேர்ட் இல்லை. பில் ஹாட்ஜஸ்.

டெரி ஹோட் என்ற ஊரில் இண்டியானா ஸ்டேட் என்று இன்னொரு பல்கலைக்கழகம். பெயரில் மாநிலம் இருந்தாலும் புளூமிங்டனின் நிழலில் இருந்தது. கூடைப்பந்தில் யாரும் அண்ணாந்து பார்க்கிற இடம் அல்ல. அங்கே பயிற்சியாளர் பாப் கிங். அவருக்கு உதவியாளர் ஹாட்ஜஸ். 1975இல் ஹாட்ஜஸ் ஃபிரெஞ்ச் லிக்குக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். ஜார்ஜியா கதவைத் திறந்து, என் மகனைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று அனுப்பிவிட்டார். மகனோடு பேசாமல் இருந்த அதே அம்மாதான். கோபமும் காவலும் ஒரே ஆளிடம் இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

சாதாரண ஆளாக இருந்தால் வண்டியைத் திருப்பியிருப்பார். ஹாட்ஜஸ் ஊருக்குள் சுற்றினார். சின்ன ஊர்தானே, ஆறடி ஒன்பது அங்குலப் பையன் எங்கே ஒளிய முடியும்? காசு போட்டுத் துணி துவைக்கிற சலவைக் கடையிலிருந்து பாட்டியோடு வெளியே வந்த பேர்ட்டைப் பார்த்துவிட்டார். பாட்டிதான் வீட்டுக்கு வந்து பேசச் சொன்னாராம். பேச்சுவாக்கில் பேர்ட், ஊரில் தன்னோடு ஆடுகிற இன்னொருவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்: கல்லூரிக்குப் போயிருந்தால் அவன் பெரிய ஆட்டக்காரன் ஆகியிருப்பான் என்று. அதற்கு ஹாட்ஜஸ், ஒரு நாள் உன்னைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார்கள் என்றாராம். இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டு மெருகேறியிருக்கலாம். ஆனால் பேர்ட் டெரி ஹோட்டுக்குப் போனார் என்பது உண்மை.

பையன் கேட்ட கேள்விக்குப் பதில் இந்தச் சலவைக் கடை வாசலில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. "ஆடாமலே போயிருந்தால்" என்பது கற்பனை இல்லை. அப்படிப் போனவர் அந்தப் பேச்சிலேயே இருக்கிறார், ஊர்க்காரர், கூட ஆடுகிறவர். அவரைத் தேடி யாரும் இரண்டாவது முறை வரவில்லை. நம்மில் பெரும்பாலோர் அவர்தான். பேர்ட்டுக்குக் கிடைத்தது மன உறுதி என்று நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். கிடைத்தது ஓர் ஆள். கதவு சாத்தப்பட்ட பிறகும் ஊருக்குள் சுற்றுகிற ஓர் ஆள், அப்புறம் கொஞ்சம் சின்னதாக ஒரு கல்லூரி. டெரி ஹோட் புளூமிங்டனில் பாதிகூட இல்லை. அங்கே போட்டுக்கொள்ள ஒரு ஜீன்ஸும் ஒரு டி ஷர்ட்டும் போதுமாக இருந்தது.

விதிப்படி இடம் மாறியவர் ஓராண்டு ஆடக் கூடாது. 1975–76 முழுக்கப் பயிற்சியில் மட்டும் ஆடினார். அடுத்து ஆடிய மூன்று பருவத்தில் இண்டியானா ஸ்டேட் 81 ஆட்டம் ஜெயித்து 13 தோற்றது. பேர்ட்டின் சராசரி 30.3 புள்ளி, 13.3 ரீபவுண்ட். முதல் பருவத்திலேயே ஆட்டத்துக்கு 32.8. 1977 நவம்பரில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை அவரை அட்டையில் போட்டு, இரு பக்கமும் உதட்டில் விரல் வைத்த இரண்டு பெண்களையும் நிறுத்தி, கல்லூரிக் கூடைப்பந்தின் ரகசிய ஆயுதம் என்றது. அட்டையில் வந்தபின் என்ன ரகசியம் என்பது வேறு விஷயம்.

பிறகு ஒரு வேடிக்கை. 1978 ஜூனில் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட். பேர்ட்டுக்குக் கல்லூரியில் இன்னும் ஓராண்டு பாக்கி. ஆனால் 1974இல் அவரோடு கல்லூரியில் சேர்ந்தவர்கள் படிப்பை முடித்த ஆண்டு அது. ஆகவே விதிப்படி அவரையும் எடுக்கலாம். தேர்வு வரிசையில் முதல் ஐந்து இடங்களில் இருந்த அணிகள் ஒரு வருஷம் யார் காத்திருப்பது என்று விட்டுவிட்டன. ஆறாவதாக பாஸ்டன் செல்டிக்ஸ் அணியை நடத்திய ரெட் அவுர்பாக் எடுத்துக்கொண்டார், காத்திருந்தார். பிறகு இப்படி நடக்காதபடி விதியையே மாற்றினார்கள், அதற்கு பேர்ட் பெயரே ஒட்டிக்கொண்டது. அந்த வீணான 24 நாள் இல்லாவிட்டால், அந்த ஆண்டில் அந்தக் கதவு திறந்திருக்காது. இதை நான் சமாதானமாகச் சொல்லவில்லை. கணக்கு எங்கே போய் எங்கே ஒட்டுகிறது பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பணம் காத்திருக்க, பேர்ட் கடைசி ஆண்டு படிக்கத் திரும்பினார். பருவத்துக்கு முன்பே பாப் கிங்குக்கு உடல்நிலை மோசமாகி, ஹாட்ஜஸ் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அணியில் யாரும் பெயர் கேள்விப்படாதவர்கள். பாப் ஹீட்டன் என்று ஒருவர், அவரும் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர். நியூ மெக்சிகோ ஸ்டேட்டுடன் தோல்வி நிச்சயம் என்ற நொடியில் பாதி மைதானத்துக்கு அப்பாலிருந்து எறிந்து கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோனது அவர்தான். தேசியப் போட்டியில் ஆர்கன்சாஸுடன் கடைசி நொடியில், வழக்கமில்லாத இடது கையால் பந்தைப் போட்டு 73–71 என்று ஜெயிக்கவைத்ததும் அவர்தான். அந்தத் தேசியப் போட்டித்தொடரில் அந்தக் கல்லூரி ஆடியதே அதுதான் முதல் முறை. அரையிறுதியில் டிபால் அணிக்கு எதிராக பேர்ட், உடைந்த இடது கட்டைவிரலோடு, 19 முறை எறிந்து 16ஐப் போட்டார். 35 புள்ளி. 33 ஆட்டம், 33 வெற்றி.

1979 மார்ச் 26, சால்ட் லேக் சிட்டி. எதிரே மிச்சிகன் ஸ்டேட், அதன் நட்சத்திர ஆட்டக்காரர் மேஜிக் ஜான்சன். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இத்தனை பங்கு வீடுகளில் பார்க்கப்பட்ட ஆட்டம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மறுபடி உடுமலைக்குப் போனபோது அதை அக்கா மகனோடு மாடியில் சேர்ந்து பார்த்தேன், அவன் போனில். ஆட்டமாகச் சொன்னால் பெரிய விருந்து ஒன்றும் இல்லை. பேர்ட் எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு பேர். 21 முறை எறிந்து 7தான் விழுந்தது. 75–64. முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பையன் அந்த இடத்தில் நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

பாப் நைட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எதற்கும் மன்னிப்புக் கேட்காதவர் என்று பெயரெடுத்த அந்த மனிதர், பின்னாளில் பேர்ட் விஷயத்தில் தப்பு தன் பக்கம்தான் என்று சொன்னார். அந்த வயதில் அந்தப் பையனுக்கு என்ன தேவைப்பட்டது என்று கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்ற பொருளில். அத்தனை பெரிய பயிற்சியாளரே ஒப்புக்கொண்டார். நான் எந்த மூலை? மாடியில் அன்றைக்கு அவனிடம், "அன்னிக்கு ராத்திரி நான் போன்ல அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுடா" என்று சொன்னேன். சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. துணிய ஆனது இரண்டு மாதம். அப்புறம் கேட்டேன், அந்தப் பத்தொன்பது நாளில் என்னதான் நடந்தது என்று. சொன்னான். அது அவன் கதை, இங்கே எழுத மாட்டேன். சட்டை விஷயம் மாதிரிதான், வெளியே சொன்னால் இதுக்கா என்பார்கள்.

இறுதி ஆட்டத்தோடு எல்லோரும் கதையை நிறுத்திவிடுவார்கள், அடுத்த காட்சி பாஸ்டன். ஆண்டுக்கு 6,50,000 டாலர், ஐந்தாண்டு ஒப்பந்தம், புதிதாக வருகிற வீரருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை. ஆனால் நடுவில் இரண்டு மூன்று மாதம் இருக்கிறது. அந்த மாதங்கள்தான் எனக்கு இப்போது ரொம்பப் பிடித்திருக்கின்றன. பேர்ட் டெரி ஹோட்டுக்குத் திரும்பி, உடற்கல்விப் பட்டத்துக்காகப் பள்ளியில் பயிற்சி ஆசிரியராக வேலை பார்த்தார். நாடே பார்த்த ஆள், விசிலை மாட்டிக்கொண்டு பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். கல்லூரியின் பேஸ்பால் அணிக்கும் போய் இரண்டு முறை மட்டை பிடித்து ஒரு முறை அடித்தார். பிறகு சாஃப்ட்பால் ஆடும்போது அண்ணன் அடித்த பந்து வலது ஆள்காட்டி விரலை உடைத்தது. பந்தை எறிகிற கை. அந்த விரல் கடைசிவரை கோணலாகவே இருந்தது, அதோடுதான் பாஸ்டனில் எல்லாவற்றையும் ஆடினார். பட்டத்தையும் வாங்கிக்கொண்டார்.

இதைச் சொன்னபோது பையன் கேட்டான், "அந்த வாத்தியார் வேலை அவருக்குப் பிடிச்சிருந்துச்சுங்களா, மாமா?" கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன் என்றேன். "ம்" என்றான். அவன் இப்போது அவங்க அப்பாவோடு இளநீர் லோடு வண்டியில் போய்க்கொண்டிருக்கிறான். அக்கா இரண்டு வாரமாகப் பேசுகிறாள், அதுவும் தேங்காய் விலை பற்றி மட்டும். அடுத்த நாள் காலை நாலரைக்கு வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தத்தில் எனக்கு முழிப்பு வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காலேஜ் பெயர் போட்ட டி ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தான். வண்டி தாராபுரம் ரோட்டுப் பக்கம் திரும்பியது.